வெரோனாவில் கால் வைக்கத் தயங்கிய கல்

வெரோனாவின் அந்தச் சிவப்புக் கல்லை வெனிஸிலேயே பார்த்துவிட்டேன். பார்த்தது எனக்குத்தான் தெரியவில்லை. வெனிஸை ஆண்ட டோஜ் என்கிற தலைவர்களின் அரண்மனையில் மேல்சுவர் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும், வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கட்டம் கட்டமாக. வெள்ளை, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இஸ்திரியாவிலிருந்து வந்த கல். சிவப்பு, வெரோனா பக்கத்துக் கல். அதே அரண்மனை மாடத்தில் வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்க, நடுவே இரண்டு மட்டும் சிவப்பு. அந்த இரண்டுக்கும் இடையில் நின்றுதான் மரண தண்டனைகளை அறிவிப்பார்களாம். ரத்தத்துக்குப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் ரயில் பிடித்து வெரோனா. போர்த்தா நுவோவா ஸ்டேஷனில் இறங்கி நேரே நடந்தால் 20 நிமிடத்தில் பியாட்ஸா பிரா என்கிற பெரிய சதுக்கம். கடிகாரம் வைத்த இரட்டை வளைவைத் தாண்டியதும் கண்ணெதிரே அரீனா. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய வட்டரங்கம். வால்போலிசெல்லா மலைப்பக்கத்திலிருந்து வெட்டிவந்த வெள்ளை, இளஞ்சிவப்புக் கல். 1117ல் வந்த பூகம்பத்தில் வெளிச்சுவர் முக்கால்வாசிக்கு மேல் விழுந்துவிட்டது. 72 வளைவுகள் இருந்த இடத்தில் இப்போது மிச்சம் 4. உள்ளூர்க்காரர்கள் அந்தத் துண்டுக்கு ‘ஆலா’, அதாவது இறக்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விழுந்த கல்லை வீணாக்கவில்லை, ஊருக்குள் வேறு கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1913ல் ‘ஐடா’ என்கிற ஆபரா, அதாவது இசை நாடகம், போட்டதிலிருந்து கோடைக்கு அங்கே ஆபராதான். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு நான் வெளியிலிருந்தே ரசித்தேன்.

சதுக்கத்தின் ஒரு ஓரமாக, காபிக் கடைகளுக்கு முன்னால் அகலமாக ஓடுகிறது லிஸ்டோன் என்கிற நடைபாதை. 18ஆம் நூற்றாண்டில் போட்டது. சாயங்காலம் ஆனால் ஊரே அதில் உலாத்தும். தளம் முழுக்க அந்த இளஞ்சிவப்புக் கல். வெயிலில் வெளிறிப்போய், பழைய சிமெண்டுத் தரையில் காவி பூசிய மாதிரி இருந்தது. இந்தக் கல்லுக்கா இவ்வளவு பெருமை என்று தோன்றியது, பொய் சொல்வானேன்.

அப்புறம் மழை வந்தது. பத்து நிமிடத் தூறல்தான். கல்லெல்லாம் நிறம் மாறிவிட்டது. வெளிறிய இடம் செங்கல் சிவப்பாகி, அதில் வெள்ளை முடிச்சுகளும் கருஞ்சிவப்பு நரம்புகளும் எழும்பின. ஒதுங்க ஓடியவன் வழுக்கி உட்கார்ந்தேன். முட்டி சிராய்த்ததுதான் மிச்சம். ஆனால் உட்கார்ந்த இடத்தில், கைக்கு அரையடி தள்ளி, ஒரு சுருள். என் உள்ளங்கை அகலம். வெளிவட்டம் தடிமனாக ஆரம்பித்து, உள்ளே போகப் போகச் சிறுத்து, நடுவில் ஒரு புள்ளியாக முடிகிறது. சுற்றிலும் விலா மாதிரி வரிகள். பாதி வழியில் கல்லோடு கல்லாக அறுத்திருக்கிறார்கள். பக்கத்துக் கல்லில் இன்னொன்று, அதைவிடச் சின்னது. தேடிப் பார்த்தால் நடைபாதை நெடுக இருக்கிறது.

அம்மோனைட். கணவாய்க்கு உறவான, சுருள் ஓடு போட்ட கடல் உயிரி. வம்சமே அழிந்து ஆறரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கல்லுக்குப் பெயரே ரோஸ்ஸோ அம்மோனிட்டிகோ, அம்மோனைட் சிவப்பு. ஜுராசிக் காலத்தில் டெத்திஸ் என்ற கடலின் அடியில், மிக மிக மெதுவாகப் படிந்த சேறு. சிவப்பு, இரும்புத் துருவின் நிறம். கடைக்காரர் மார்பிள் என்பார், மெருகு நன்றாக ஏறும் என்பதால். நிலவியல் படித்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் கணக்கில் இது சுண்ணாம்புக்கல். பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறினால்தான் மார்பிள். வெந்திருந்தால் சுருள் தங்கியிருக்குமா? மார்பிள் ஆகாமல் போனதுதான் நல்லதாயிற்று.

பாட்டி வீட்டில் வெள்ளிச் சம்புடத்தில் 4 சாளக்கிராமம் இருந்தது. சின்ன வயதில் எங்களைத் தொட விடமாட்டாள். திருமஞ்சனம் ஆனதும் துணியால் துடைக்கும்போது, கறுப்புக் கல்லின் வாய்க்குள் சக்கரம் தெரியும். ‘பாரு, பெருமாளோட சக்கரம்’ என்பாள். நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைப்பது. அங்கே இருக்கிற முக்திநாத்தை நம் ஆட்கள் திருச்சாளக்கிராமம் என்று 108 திவ்யதேசங்களில் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சக்கரமும் அம்மோனைட்தான். அதுவும் அதே டெத்திஸ் கடல்தான். ஒரே கடலின் ஒரு கரைப் படிவம் இமயமலைக்கு ஏறி நதியில் உருண்டு பூஜைக்கு வந்தது. இன்னொன்று வெரோனாவில் நடைபாதையாகி, என் ஈர ஷூவுக்கு அடியில். அதற்கப்புறம் அந்த ஊரில் என்னால் நேராக நடக்க முடியவில்லை. சுருளைக் கண்டால் கால் தானாக விலகியது.

சாந்தா அனஸ்தாசியா கோவிலுக்குள் போனபோதுதான் இந்தக் கல்லின் முழு அழகும் தெரிந்தது. வெயில், மழை படாத இடம். 12 தூண்கள், எல்லாம் வெரோனாச் சிவப்பு, மேற்கூரையைத் தாங்கிக்கொண்டு. கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத தடிமன். தரையில் வெள்ளை, சிவப்பு, கருநீலம் என்று கோலம் போட்ட மாதிரி இழைத்திருக்கிறார்கள். முதல் தூண்களின் அடியில் தீர்த்தத் தொட்டியை முதுகில் சுமந்தபடி கூன் விழுந்த இரண்டு ஆட்கள், கல்லில். கூனைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். நான் தொட்டேன். தூணையும் ஒரு தடவை தடவிப் பார்த்தேன், வழவழவென்று குளிர்ந்திருந்தது. வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்கிற கல்லுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. முடிச்சுகளுக்கு இடையே ஓடுகிற களிமண் நரம்பு முதலில் கரைந்து, மேல்பரப்பு அம்மைத் தழும்பாகிவிடுகிறது.

ரோமியோ ஜூலியட் கதையின் ஜூலியட் வீடு என்று காட்டுகிற இடத்தில் கூட்டம். எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அதைவிட, பியாட்ஸா தெல்லே எர்பே சந்தைக்குப் பக்கத்து வளைவில் தொங்கும் திமிங்கல விலா எலும்பு எனக்குப் பிடித்தது. கடலுக்கு அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு தலைக்கு மேலே ஒரு எலும்பு, காலுக்குக் கீழே இத்தனை சுருள்.

ராத்திரி அம்மாவுக்கு லிஸ்டோன் படத்தை அனுப்பி, ‘பாட்டி சாளக்கிராமம் மாதிரியே இல்ல?’ என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. அப்புறம் போனே வந்தது.

“ஏண்டா, இது மேலயா எல்லாரும் நடக்கறா? நீயும் மிதிச்சியா?”

“வழுக்கி விழுந்தேம்மா.”

“விழுந்தியா? சரி, சேவிச்சதா இருக்கட்டும்.”