பழைய வீட்டுச் சேர்வரை டெபியன் 12 இற்கு உயர்த்திய அனுபவம்

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் 11 ஆம் பதிப்பு வெளியானது 2021 ஓகஸ்டில். அதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஓகஸ்டுடன் நின்று, அதன்பின் 2026 ஓகஸ்ட் இறுதி வரை அதைக் கவனிக்கும் பொறுப்பை நீண்டகால ஆதரவுக் குழு ஏற்றுக்கொண்டது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில், புத்தக அலுமாரியின் மேல் இரவுபகலாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கோர் 2 டுவோ கணினி அந்தப் பதிப்பிலேயே நின்றிருந்தது. குடும்பத்தின் காணி உறுதிகளை ஸ்கான் செய்த பிரதிகளும், யாழ்ப்பாணத்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த படங்களும் அதிலேயே இருக்கின்றன. டொரன்டோவில் இருக்கும் உறவினர்களும் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக அவற்றைப் பார்க்கிறார்கள். ஆகவே அதை வெளியுலகுக்குத் திறந்துவைத்துவிட்டுப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பதிப்பைத் தாண்டி அடுத்ததற்கு நேரே பாய்வதை டெபியன் ஆதரிப்பதில்லை என்பதால், 13 வெளிவந்திருந்தபோதும் முதலில் 12 இற்கே போகவேண்டியிருந்தது.

இயங்குதளத்தைத் தொடுமுன்னரே ஒரு முடிச்சு இருந்தது. நெக்ஸ்ட்கிளவுட் ஓடத் தேவையான பிஎச்பி நிரல்மொழியில், டெபியன் 11 இல் இருப்பது 7.4, டெபியன் 12 இல் இருப்பது 8.2. 7.4 இல் ஓடக்கூடிய கடைசி நெக்ஸ்ட்கிளவுட் பதிப்பு 25. அந்த 25 ஆம் பதிப்போ 8.2 இல் ஓட மறுத்துவிடும். 8.2 ஐ ஏற்கும் 26 ஆம் பதிப்பு 7.4 இல் நிறுவப்படாது. இரு கரைக்கும் பொதுவாக இருப்பவை 8.0, 8.1 ஆகிய இரண்டுமே. அவை டெபியனின் எந்த நிலைப் பதிப்பிலும் வரவில்லை. டெபியனுக்கான பிஎச்பி பொதிகளை (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகளை) பராமரிக்கும் ஒண்ட்ரேய் சூரி தனியாக நடத்தும் களஞ்சியத்திலிருந்து 8.1 ஐ நிறுவி, நெக்ஸ்ட்கிளவுட்டை 26 இற்கு உயர்த்தி, பின்னர் அந்தப் பொதிகளையும் களஞ்சிய வரியையும் நீக்கினேன். வெளிக் களஞ்சியப் பொதிகளுடன் பதிப்பு மாறுவது தேவையில்லாத தலைவலி என்பதால், டெபியனிலிருந்து வராத பொதிகள் எவையேனும் எஞ்சியிருக்கின்றனவா என்று டெபியனின் பொதி நிறுவியான ஏபிடியிடம் பட்டியல் கேட்டு, அவற்றையும் ஒழுங்குபடுத்திக்கொண்டேன்.

மேம்படுத்தல் பெரிய சிக்கலின்றி நடந்தது. களஞ்சியக் கோப்பில் பதிப்பின் பெயரை மாற்றியதோடு, 12 ஆம் பதிப்பிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டுள்ள கட்டற்றதல்லாத ஃபேர்ம்வெயார் (வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) பகுதியையும் சேர்த்தேன். அதை விட்டுவிட்டால் வலையமைப்பு அட்டைக்குரிய ஃபேர்ம்வெயார் பழைய நிலையிலேயே நின்றுவிடும். சேர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் எஸ்எஸ்எச் தொடர்பு இடையில் அறுந்தாலும் வேலை நிற்காதிருக்க அனைத்தையும் டிமக்ஸ் என்ற கருவிக்குள் ஓடவிட்டேன். மின்வெட்டுக்கு யூபிஎஸ் இருந்தது. 2022 ஐக் கொழும்பில் கடந்தவர்கள் எவரும் அது இல்லாமல் இப்படியொரு வேலையில் இறங்கமாட்டார்கள். முதலில் புதிய பொதிகளைச் சேர்க்காத சிறு மேம்படுத்தல், அடுத்து முழு மேம்படுத்தல், அதன்பின் மறுதொடக்கம்.

சேர்வர் திரும்பி வரவில்லை. பிங் செய்தாலும் பதில் இல்லை. மேல்மாடி அன்ரி வீட்டில் பாவனையின்றிக் கிடந்த விஜிஏ திரையை வாங்கிவந்து பொருத்தியபோது, கறுப்புத் திரையில் மூன்று வரிகள் மாத்திரமே இருந்தன: ஏதோவொரு சிம்பல் (நிரலின் உட்பெயர்) காணப்படவில்லை என்ற பிழை, மீட்பு நிலைக்குள் நுழைவதாக ஓர் அறிவிப்பு, அதன்கீழ் ‘கிரப் ரெஸ்கியூ’ என்ற கட்டளைக் குறி. கிரப் என்பது கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல். அந்நிலையில் வழமையாகச் சொல்லப்படும் வைத்தியம், தொடக்கக் கோப்புகள் இருக்கும் பூட் அடைவின் இடத்தைக் காட்டி, கிரப்பின் துணைப்பகுதியான ‘நோமல்’ மொடியூலை ஏற்றுவது. ஏற்றியதும் அதே பிழையே வந்தது. ஆனால் அதுவே நல்ல தடயமாகவும் அமைந்தது. கோப்புகள் காணாமற்போயிருந்தால் பிழை வேறாக இருந்திருக்கும். கோப்பைத் திறந்து படித்தபின்னரே கிரப் முரண்டுபிடிக்கிறது என்றால், வட்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் கிரப்பின் மையப் பகுதி ஒரு பதிப்பாகவும், பூட் அடைவிலுள்ள மொடியூல்கள் வேறொரு பதிப்பாகவும் இருக்கவேண்டும்.

அப்படியானால் புதிய மையப் பகுதி எங்கே எழுதப்பட்டது? இந்தக் கணினியில் முன்பு வன்தட்டு ஒன்றே இருந்தது. பிற்காலத்தில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய எஸ்எஸ்டிக்கு முழுவதையும் பிரதிசெய்து, கணினியின் தொடக்க அமைப்பான பயோஸில் அதையே முதல் வட்டாக வைத்து, பழைய வன்தட்டைத் துடைத்து இரவுப் பிரதிகளுக்கென உள்ளேயே விட்டிருந்தேன். கிரப் பொதி தன்னை எந்த வட்டில் எழுதவேண்டும் என்பதை அந்த வட்டின் மாதிரிப் பெயராலும் தொடர் இலக்கத்தாலும், பொதிகளின் அமைப்பு விடைகளைச் சேமிக்கும் டெப்கொன்ஃப் பதிவில் குறித்து வைத்திருக்கும். குறித்த வட்டு கணினியில் இல்லாவிட்டால், மேம்படுத்தும்போது நம்மைக் கேட்கும், இருந்தால் கேட்காது. இங்கே பழைய வன்தட்டு இன்னும் இணைந்திருந்ததால், கேள்வி எதுவுமின்றி அதன் தலைப்பகுதியிலேயே புதிய கிரப்பை எழுதிவிட்டது. பயோஸோ எஸ்எஸ்டியிலுள்ள பழையதைத் தொடக்கியது. வீடு மாறியவருக்கு வரும் கடிதம் பழைய விலாசத்தில் ஒழுங்காக விநியோகிக்கப்பட்ட கதைதான்.

இந்த ஊகம் சரியென்றால், மீட்பு யூஎஸ்பி எதுவும் தேவையில்லை. பழைய வன்தட்டிலிருந்து தொடங்கினாலே போதும், ஏனெனில் அங்கே எழுதப்பட்ட புதிய கிரப், பூட் அடைவுள்ள பகுதியை அதன் யூயூஐடி என்ற தனித்த அடையாள எண்ணைக் கொண்டு எஸ்எஸ்டியில் தேடிப் பிடித்துவிடும். பயோஸில் பூட் ஒழுங்கை மாற்றினேன். இயங்குதளத்தின் கருவான 6.1 கேர்னலுடன் டெபியன் 12 எழுந்து வந்தது. கிரப் பொதியை மீள அமைக்கும் கட்டளையைக் கொடுத்து, தோன்றிய பட்டியலில் வன்தட்டின் குறியை எடுத்துவிட்டு எஸ்எஸ்டிக்கு வைத்து, பூட் ஒழுங்கையும் பழையபடி ஆக்கியதோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது. வட்டு மாற்றிய கணினி வைத்திருப்போர் மேம்படுத்தலுக்கு முன்னரே இந்தக் கட்டளையை ஒருதரம் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது.

அதற்குள் டொரன்டோவிலிருந்து சித்தியின் செய்தி வந்திருந்தது: “தம்பி, கலியாணப் படங்கள் ஒண்டும் திறக்குதில்லை.” இணையச் சேர்வர் மென்பொருளான அப்பாச்சி 503 பிழையைக் காட்டிக்கொண்டிருந்தது. நீக்கப்பட்ட பிஎச்பி 8.1 இன் சொக்கெட்டையே (தொடர்பு முனையையே) தள அமைப்புக் கோப்பு இன்னமும் சுட்டிக்கொண்டிருந்தது, 8.2 என்று மாற்றியதும் படங்கள் திறந்தன. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை உயர்த்துவது அவசரமாக இருக்கவில்லை. அதன் பழைய 13 ஆம் பதிப்பு தரவுகளோடு தொடர்ந்து ஓட, புதிய 15 ஆம் பதிப்பு வெறுமையாக வேறொரு வலையமைப்புப் போட்டில் (port) நின்றது. முதலில் அந்த வெற்றுத் தரவுத் தொகுதியை (கிளஸ்டரை) அகற்றி, அடுத்து 13 ஐ 15 ஆக உயர்த்தும் கட்டளையைக் கொடுக்கவேண்டும். ஒழுங்கு மாறினால் கட்டளை மறுத்துவிடும்.

டெபியன் 13 இற்கு இப்போதைக்குப் போகப்போவதில்லை. அதன் வெளியீட்டுக் குறிப்புகள் எதிர்பார்க்கும் அளவுக்கு இந்தக் கணினியின் பூட் பகுதி பெரிதல்ல, பகுதிகளை மீளப் பிரிக்கவேண்டிவரும். 12 இற்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது. அதற்குள் இந்தக் கணினியையே மாற்றிவிடும் எண்ணம்.