அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 9 மி.மீ.

மாதவிடாய் நின்று ஆறு வருஷம் கழித்து அம்மாவுக்கு லேசாக ரத்தம் பட்டது, அதையும் மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வு 9 மி.மீ. தடிப்பு என்று வந்ததும் எனக்குக் கை நடுங்கியது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாதவிடாய் வரும் வயதில் இந்தச் சவ்வு மாதாமாதம் வளர்ந்து உதிரும், தேதி நெருங்கும் நாட்களில் 16 மி.மீ. வரைகூட இருக்கலாம், அதனால் எந்த நாளில் எடுத்த ஸ்கேன் என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டு, தடிப்பும் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் திசுவை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருந்து, அதைக் கட்டுப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இல்லாதபோது சவ்வு தடிக்கும். உடல் பருமன், மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் மாத்திரை, பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி என்று காரணங்கள் பல. புற்றுநோயா இல்லையா என்று ஸ்கேன் சொல்லாது, திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் சொல்லும்.

அம்மாவுக்குப் பாலிப்தான், எடுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் சரி, உடனே கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் சொல்லவில்லை என்று அப்புறம் கேட்டேன். "வயசானா இதெல்லாம் வரும்னு நினைச்சேன்டி" என்றார்.