ஆறு அங்குலத்துக்குள் ஓர் ஒட்டுப்போர்வை

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் பெரிய ஒட்டுப்போர்வையின் அளவைப் பாதியாக்கித் தைத்தால் குட்டிப் போர்வை வந்துவிடும் என்று நினைத்துத்தான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். கட்டத்தைப் பாதியாக்கலாம், கால்வாசியாக்கலாம். தையலுக்கு விடும் கால் அங்குலத்தை மட்டும் அப்படிச் சுருக்க முடியாது. சுருக்கித் தைத்தால் மெஷினுக்குப் பிடிமானம் இருக்காது, கோடு கோணலாகும். குட்டி வேலையின் எல்லாத் தொல்லையும் இந்தக் கால் அங்குலத்தில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். முன்பக்கம் அரை அங்குலச் சதுரம் தெரிய வேண்டுமானால் துணியை 1 அங்குலச் சதுரமாக வெட்ட வேண்டும். வெட்டியதில் கால் பங்குதான் வெளியே தெரியும். முக்கால் பங்கு பின்னால் மடிந்து கிடக்கும். அதனால் துணியின் தடிமன் முதல் கவலை. இரண்டாவது, பிழை. மூன்று பட்டைகளைச் சேர்க்கும்போது தையல் 1/16 அங்குலம் உள்ளே போனாலும், ஒவ்வொரு தையலிலும் இரண்டு பட்டைகள் குறைவதால், இரண்டு தையல்களில் மொத்தம் கால் அங்குலம் காணாமல் போகும். மெத்தை விரிப்பில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் 2 அங்குலம் வர வேண்டிய கட்டத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். மூலைகள் சேரவே சேராது.

துணியிலிருந்து தொடங்குவோம். பெங்களூரில் இருப்பவர்களுக்குச் சிக்பேட்டைத் துணிக்கடைகள் இருக்கின்றன. ஆனால் இந்த வேலைக்கு மீட்டர் கணக்கில் வாங்குவதே வீண். பிளவுஸ் தைக்கும் கடையில் சொல்லிவைத்தால் ஒரு பை நிறைய வெட்டுத்துணி கிடைக்கும். அதில் டூ பை டூ ரூபியா, மெல்லிய பாப்ளின் இரண்டையும் பொறுக்கி எடுங்கள். நெசவு நெருக்கம், கனம் குறைவு. இதைவிடப் பொருத்தமான துணி தேட வேண்டியதில்லை. மல் துணி மெல்லியதுதான், ஆனால் நெசவு தளர்வானது. வெட்டிய உடனே பிசிர் கிளம்பும். பட்டுத் துண்டு வழுக்கும், ஜரிகை சூட்டில் சுருங்கும். ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பருத்திதானா என்ற சந்தேகம் வந்தால் ஓர் இழையை எரித்துப் பாருங்கள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி மணி மாதிரி உருண்டால் பாலியஸ்டர் கலந்தது.

சிவப்பு, மெரூன், கறுப்பு மூன்றையும் நம்பாதீர்கள். நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள். பிரிண்ட் பொடியாக இருக்க வேண்டும். உள்ளங்கை அளவுப் பூவை அரை அங்குலத்துக்கு வெட்டினால் அது பூவாகத் தெரியாது, கறையாகத்தான் தெரியும். கருமையும் வெளுமையும் போதிய அளவு விலகியிருக்கின்றனவா என்று பார்க்க, துணிகளை அருகருகே வைத்து செல்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால் போதும். நிறம் வேறாக இருந்தும் படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் கட்டம் எடுபடாது.

வெட்டும் முன் கஞ்சி போடுங்கள். இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் கட்சி. வடிகஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, மூன்று பங்கு நீர் சேர்த்து, துணியை நனைத்துப் பிழிந்து, அரை ஈரத்தில் இஸ்திரி போட வேண்டும். துணி காகிதம் போல நிற்கும், வெட்டும்போதும் தைக்கும்போதும் இழுபடாது. வேலை முடிந்ததும் அலசிவிடுங்கள். கஞ்சித் துணியை அப்படியே பெட்டியில் வைத்தால் கரப்பானும் வெள்ளிமீன் பூச்சியும் வந்துவிடும்.

மெஷினில் 11ஆம் எண் ஊசி, கிடைத்தால் 9. வழக்கமாக மாட்டியிருக்கும் 16 இந்தத் துணியில் ஓட்டை போடும். தையல் நீளம் 1.8 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்குச் சுமார் 14 தையல். ஜிக்ஜாக் மெஷினில் ஊசித்தட்டின் துளை அகலமானது. சின்னத் துண்டின் முனையை அது உள்ளே இழுத்து பாபின் நூலோடு சிக்கவைக்கும். ஒற்றைத் துளைத் தட்டு இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் முதலில் ஒரு கழிவுத் துண்டில் தைக்கத் தொடங்கி, நூலை வெட்டாமல் அப்படியே உங்கள் துண்டுக்குள் போங்கள்.

கால் அங்குலம் சரியாக வருகிறதா என்று தெரிய ஒரே சோதனைதான். ஒன்றரை அங்குலப் பட்டைகள் மூன்றைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 அங்குலம் வர வேண்டும். குறைந்தால் தையலை ஒரு நூலிழை வெளியே தள்ளுங்கள். துணி மடங்கும் இடத்திலும் கொஞ்சம் அளவு போகிறது. சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தட்டில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டால் பிறகு யோசிக்க வேண்டாம்.

இனி மாதிரிக்கு ஒன்று. நவராத்திரிக் கொலுவில் மரப்பாச்சிக்கு அடியில் விரிக்க 6 அங்குலச் சதுரம். ஒன்பது கட்டச் சதுரம் ஐந்து, இடையிடையே வெற்றுச் சதுரம் நான்கு, சுற்றிலும் ஓரப்பட்டை.

எல்லாப் பட்டைகளும் 1 அங்குல அகலம். கருமையில் 12 அங்குல நீளத்தில் இரண்டு, 6 அங்குல நீளத்தில் ஒன்று. வெளுமையில் 12 அங்குல நீளத்தில் ஒன்று, 6 அங்குல நீளத்தில் இரண்டு. நீளமானவற்றைக் கருமை-வெளுமை-கருமை என்றும், குட்டையானவற்றை வெளுமை-கருமை-வெளுமை என்றும் தையுங்கள். இரண்டிலும் தையல் மடிப்பைக் கருமைப் பக்கம் சாய்த்து அழுத்துங்கள். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து எடுக்க வேண்டும். இழுத்தால் பட்டை வில்லாக வளையும். அழுத்திய பிறகு மடிப்பை அரைக்கால் (1/8) அங்குலமாகக் கத்தரியுங்கள். முதலிலேயே அரைக்கால் விட்டுத் தைக்கலாமே என்று தோன்றும். மெஷினின் பல் பிடிக்கத் துணி இருக்காது, கோடும் கோணலாகும்.

பிறகு பட்டைத் தொகுப்புகளைக் குறுக்கே 1 அங்குலமாக வெட்டினால் முதல் வகையில் பத்து, இரண்டாம் வகையில் ஐந்து துண்டுகள். முதல் வகை இரண்டுக்கு நடுவே இரண்டாம் வகை ஒன்று. மடிப்புகள் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்திருப்பதால் இணையும் இடத்தில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும். ஒவ்வொரு சதுரமும் 2 அங்குலம் இருக்க வேண்டும். வெற்றுச் சதுரங்களும் 2 அங்குலம். ஒன்பதையும் சேர்த்தால் 5 அங்குலம். 1 அங்குல அகல ஓரப்பட்டைகளில் 5 அங்குலத்தில் இரண்டை எதிரெதிர்ப் பக்கங்களிலும், 6 அங்குலத்தில் இரண்டை மீதிப் பக்கங்களிலும் வைத்துத் தைத்தால் மொத்தம் 6.

உள்ளே பாலியஸ்டர் பஞ்சு வைக்கவே வேண்டாம். இந்த அளவில் அது விரிப்பாகக் கிடக்காது, குட்டித் தலையணையாக உப்பிக்கொள்ளும். துவைத்து நைந்த வேட்டித் துணி இரண்டு அடுக்கு, அல்லது குழந்தைத் துணிக்கான ஃபிளானல் ஒரு அடுக்கு போதும். மேல்துணி, உள்துணி, அடித்துணி மூன்று அடுக்கையும் சேர்த்து ஓடுதையல் போடும்போது நூலை இழுத்து இறுக்காதீர்கள். கிண்ணம் போல் குழியும். ஓரம் அலையடித்தால் நனைத்து, தெர்மகோலில் சதுரமாகக் குண்டூசி குத்தி, மின்விசிறிக்கு அடியில் காயவிடுங்கள்.

பிசிரை மூடிச் சுற்றிலும் தைக்கும் ஓரக்கட்டுக்கு இரட்டை மடிப்பு தடிமனாகிவிடும். ஒன்றே அரைக்கால் (1 1/8) அங்குல அகலத்தில், நேர் இழையில் வெட்டிய ஒற்றைப் பட்டை 30 அங்குலம் எடுங்கள். நான்கு பக்கமும் நேராக இருக்கும்போது சாய்வாக வெட்டும் கிராஸ் பீஸ் தேவையில்லை. அது இழுபட்டு ஓரத்தைக் கெடுக்கும். முன்பக்கம் மெஷினில் தைத்து, பின்னால் மடித்துக் கையால் ஹெம்மிங்.

மெஷின் இல்லாதவர்களுக்குக் கர்நாடகத்திலேயே அருமையான வழி இருக்கிறது. உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு பக்கம் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவண்டி. பழைய சேலையை அடித்துணியாக விரித்து, ஓரத்திலிருந்து நடு நோக்கிச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்து ஓடுதையலில் தைத்துக்கொண்டே போவார்கள். தனியாக ஓரக்கட்டு கிடையாது.

தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் 5 அங்குல விரிப்பை இந்த முறையில் தைக்கலாம். அடித்துணி 6 அங்குலம். நான்கு பக்கமும் அரை அங்குலம் உள்ளே மடியுங்கள். ஒரு மூலையில் தொடங்குங்கள். முதல் துண்டின் வெளி ஓரங்களைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, அடித்துணியின் மடிப்போடு சேர்த்துத் தைக்க வேண்டும். அடுத்த துண்டு முந்தையதன் பிசிரை மூடும்படி ஏறி உட்கார வேண்டும். தையல் வரிசைகளுக்கு நடுவே கால் அங்குலம். நடுவில் துணி புடைப்பதுதான் இதில் வழக்கமான கோளாறு. துண்டுகளை முன்கூட்டியே அளந்து வெட்டி வைப்பதால் வருவது. ஒவ்வொரு துண்டையும் அந்த இடத்தில் வைத்துப் பார்த்து, தடவிச் சமமாக்கி, அப்போது கத்தரியுங்கள். கடைசித் துண்டுக்கு நான்கு ஓரமும் மடிக்க வேண்டும்.

சித்திப் பெண்கள் மூலைகளில் வைக்கும் குட்டி முக்கோணங்களுக்கு பூலா, அதாவது பூ, என்று பெயர். சின்னச் சதுரத்தை மடித்து முக்கோணமாக்கி, பிசிரான அடிப்பக்கம் முழுவதும் உள்ளே போகும்படி முதல் சுற்றிலேயே செருகித் தையுங்கள். அடிப்பக்கம் வெளியே எட்டிப் பார்த்தால் இன்னொரு மடிப்பு மடித்து ஒடுக்குங்கள். சுற்று முடிந்தபின் செருக நினைத்தால் ஓரத்தையே பிரிக்க வேண்டிவரும்.