பத்தாயிரம் ரூபாய்க்கு ஒன்பது நடை

மதுரை விளக்குத்தூண் பக்கம் தரையில் கடை விரிக்கிறவன் நான். பனியன், ஜட்டி, கைக்குட்டை, சின்னப் பிள்ளைகளுக்கு டவுசர். சாலையோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடனைப் பற்றி இப்போது மறுபடியும் எல்லோரும் விசாரிக்கிறார்கள். திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்து, முதல் கடனை 10,000 ரூபாயிலிருந்து 15,000 ஆக்கியிருக்கிறார்கள். 2020இல் அந்தப் பத்தாயிரத்தை வாங்க நான் ஒன்பது நடை நடந்தேன். இனி யாரும் அத்தனை நடை நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அந்த வருஷம் எப்படி இருந்தது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவை நம்பி மார்ச் மாதமே கடனுக்குச் சரக்கு எடுத்து வைத்திருந்தேன். ஊரடங்கு வந்தது. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மூட்டை வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. ஜூன் மாதம் கொஞ்சம் கடை விரிக்க ஆரம்பித்தோம், 24ஆம் தேதி மதுரையை மறுபடி மூடினார்கள். ரேஷன் கார்டுக்குக் கொடுத்த ஆயிரம் ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்?

கையில் இருந்த ஒரே வழி தண்டல். 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் நூறு நாளில் பத்தாயிரமாகக் கட்ட வேண்டும். கந்து வட்டியைத் தடுக்க 2003லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் கடை போடுகிறவனுக்குக் காலையில் பணம் தருகிறவர் தண்டல்காரர்தானே. மூன்று தண்டல் வாங்கி அடைத்தவன் நான். நான்காவதை வாங்கப் போகும்போதுதான் எங்கள் சங்கத்துப் பெரியவர் ஸ்வநிதியைப் பற்றிச் சொன்னார். அடமானம் கிடையாது, ஒரு வருஷத்தில் தவணையாகக் கட்டலாம், ஒழுங்காகக் கட்டினால் கடனுக்கு வருஷம் 7 சதவீத அளவு வட்டியை அரசாங்கம் கணக்கிலேயே திருப்பிப் போடும். 2020 மார்ச் 24க்கு முன்னாலிருந்தே வியாபாரம் செய்கிறவராக இருக்க வேண்டும். அவ்வளவுதான் என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கடைசி வரிதான் என்னை அலைய வைத்தது.

முதல் நடை இ-சேவை மையம். ஐந்து நிமிஷத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆதாரோடு இணைந்த போன் நம்பருக்குத்தான் ஓடிபி வரும், என் ஆதாரில் இருந்ததோ ரீசார்ஜ் பண்ணாமல் செத்துப்போன பழைய நம்பர். இரண்டாம் நடை ஆதார் மையம், டோக்கன் முடிந்துவிட்டது. மூன்றாம் நடைக்கு விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்து, 50 ரூபாய் கட்டி நம்பரை மாற்றினேன். நீங்கள் கடன் வாங்குகிறீர்களோ இல்லையோ, உங்கள் ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

நான்காம் நடையில் விஷயம் வெளியே வந்தது. மறுபடி இ-சேவை மையம், இந்தத் தடவை ஓடிபி வந்தது, படிவம் திறந்தது. "அண்ணே, வியாபாரிகள் கணக்கெடுப்புல உங்க பேரு இல்லையே" என்றான் அங்கே இருந்த தம்பி. கணக்கெடுக்க வந்த அன்றைக்கு நான் கோவில் கொடைக்காக உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை வந்துவிட்டது, எனக்கு மட்டும் இல்லை. பெயர் விடுபட்டவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள், அதைப் போய் வாங்குங்கள் என்றான்.

ஐந்தாம் நடை அந்தக் கடிதத்துக்காக. எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் மனுவை வாங்கிக்கொண்டு நிமிராமலே கேட்டார்.

"யாவாரம் பாக்குறீங்கன்றதுக்கு என்ன ஆதாரம்?"

"விளக்குத்தூண்ல பதினாறு வருசமா கடை போடுறேன் சார்."

"அது நீங்க சொல்றது. பேப்பர்ல என்ன இருக்கு?"

என்னிடம் ஒன்றும் இல்லை. சரக்கு எடுத்த பில்லைக் கணக்கு முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுவேன். சங்கத்து அட்டையைப் புதுப்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெயிலிலும் மழையிலும் பதினாறு வருஷம் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தவனுக்கு, நான் இங்கேதான் இருந்தேன் என்று சொல்ல ஒரு துண்டுத் தாள் இல்லை. சரி, வைச்சுட்டுப் போங்க, பார்க்கலாம் என்றார். வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

மூன்று வாரம் கழித்து ஆறாம் நடை போனால், அப்படி ஒரு மனுவே வரவில்லை என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே வந்து பெரியவருக்குப் போன் போட்டேன். அவர் திட்டவில்லை, நிதானமாகச் சொன்னார்: "ஒண்ணுமே இல்லாட்டியும் வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுக்கலாம்யா. அவங்க நேர்ல வந்து விசாரிக்கணும். பதினஞ்சு நாளுல முடிவு சொல்லணும்னு இருக்கு. சீல் வாங்காம மட்டும் நகராத." பக்கத்துக் கடையில் தாள் வாங்கி, அங்கேயே நின்று எழுதினேன். இரண்டு நகல் எடுத்தேன். உள்ளே போய், ஒன்றில் தேதி போட்டு சீல் வைத்துத் தாருங்கள் சார் என்றேன். எதற்கு என்றார். பதினைந்து நாள் எப்போது முடிகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும் சார் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். சீல் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பத்தாவது நாள் சாயங்காலம் ஒரு மேடம் கடைக்கே வந்தார். கடையோடு என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தார். பக்கத்தில் இளநீர் விற்கும் அக்காவிடம், இவர் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார் என்று கேட்டார். "எம் மகன் ஒண்ணாப்புப் படிக்கையில வந்தவரு மேடம், அவன் இப்ப காலேஜு முடிச்சுட்டான்" என்றது அக்கா. அந்த வாரமே கடிதம் வந்துவிட்டது. மேடத்துக்கு நான் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. ஏழாம் நடையில் கடன் விண்ணப்பம் ஏறியது.

எட்டாம் நடை வங்கி. எல்லாத் தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஜாமீன் யார் என்று கேட்டார்கள். அரசாங்க வேலையில் இருப்பவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்படி எனக்கு இருப்பது மச்சான் ஒருவர். கேட்டேன். அவர் முடியாது என்றுகூடச் சொல்லவில்லை, பேச்சை மாற்றினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்கும் நிலைக்கு என்னைத் தள்ளினார்களே, அதுதான் இன்னும் வலிக்கிறது. பிறகுதான் தெரிந்தது, இந்தக் கடனுக்கு அடமானமும் வேண்டாம் ஜாமீனும் வேண்டாம், வங்கிக்கு அரசாங்கமே உத்தரவாதம் வைத்திருக்கிறது என்று.

அன்று ராத்திரி, தேர்வாணையப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒன்று சொன்னாள். 1933இல் அமெரிக்கா இதைவிடப் பெரிய மந்தத்தில் கிடந்தபோது அந்த நாட்டு அதிபர் ரூஸ்வெல்ட் வேலையில்லாத இளைஞர்களை மரம் நட, பாதை போட அனுப்பினாராம். மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 டாலர் பையன் வீட்டுக்குப் போய்விடுமாம். அங்கே நிவாரணம் கூலியாகப் போயிருக்கிறது, எங்களுக்குக் கடனாக வந்தது. கடன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்தக் கடன்தான் என்னைத் தூக்கிவிட்டது. ஆனால் ஆறு மாதம் வருமானம் இல்லாதவனிடம் ஜாமீன் கேட்பவர் அந்தப் பையன்கள் வீட்டுக்கு முதலில் என்ன போய்ச் சேர்ந்தது என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

ஒன்பதாம் நடைக்கு என் வீட்டுக்காரி கூடவே வந்தாள். நான் பேச வாயெடுக்கும் முன்னால் அவளே சொன்னாள்: "சார், ஜாமீன் கேக்கக் கூடாதுன்னு திட்டத்துலயே இருக்காம்ல. தர முடியாதுன்னா அதை எழுதிக் குடுத்துருங்க, நாங்க போயிர்றோம்." கவுண்டரில் இருந்தவர் எழுந்து உள்ளே போனார். மேலாளர் கூப்பிட்டார், உட்காரச் சொன்னார், கையெழுத்து வாங்கினார். நான்காவது நாள் பணம் கணக்கில் இருந்தது. தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

சரக்கு எடுத்தேன், விற்றது. மாதம் 900 ரூபாய்க்குள்தான் தவணை. வருஷம் முழுக்க வட்டி ஐநூற்றுச் சொச்சம், அதிலும் பெரும்பகுதி மானியமாகத் திரும்பி வந்தது. தண்டலில் நூறே நாளுக்கு 1,500 கொடுத்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். க்யூஆர் அட்டை வைத்துப் பணம் வாங்கினால் அப்போது மாதம் 100 ரூபாய் வரைக்கும் திருப்பித் தந்தார்கள், இப்போது எவ்வளவு என்று கேட்டு அதையும் விடாதீர்கள். அடுத்த கடன் 20,000, அதற்கு ஒரே நடை. தவணை ஒன்றுகூடத் தவறாமல் கட்டியதால்தான் அது நடந்தது.

இப்போது சரக்கு பில், சங்கத்து அட்டை, அன்றைக்கு வாங்கிய சீல் போட்ட நகல் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. இளநீர் அக்கா அப்போது கடனே வேண்டாம் என்று இருந்துவிட்டது, இப்போது 15,000 கேட்டிருக்கிறது. அதன் அடையாள அட்டை மழையில் நனைந்து எழுத்து அழிந்துபோயிற்று. நாளைக் காலையில் நானும் கூடப் போகிறேன். மனுவை ராத்திரியே எழுதி, இரண்டு நகல் எடுத்து வைத்துவிட்டேன்.