பிச்சாவரம் போனால் துடுப்புப் படகிலேயே போங்கள்

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்கு பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஓர் ஆட்டோக்காரர் 800 ரூபாய் கேட்டார், போக மட்டும். "திரும்பி காலி வண்டியாத்தானே வரணும்" என்றார். 500-க்கு இறங்கினார், அதற்கு மேல் அசையவில்லை. புதுச்சேரியிலிருந்து கடலூர் வழியாக மூன்று பேர் வந்த பஸ் செலவையெல்லாம் கூட்டினாலும் அந்தத் தொகை வராது. அம்மா "வேணாம், உக்காரலாம்" என்று சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து டவுன் பஸ் வந்தது. பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கும் அம்மாவுக்கும் காசில்லை, அக்கா பையனுக்கு மட்டும் டிக்கெட். கூட்டமும் புழுக்கமும் உண்டு, ஆனால் வழியிலுள்ள கிள்ளை ஊரைத் தாண்டி காயல் காற்று முகத்தில் அடித்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. பஸ் நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டோவை நம்பிப் போகாதீர்கள்.

செலவுக் கணக்கை வரிசையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் காட்டைப் பற்றிச் சொல்லாமல் கை நகர மாட்டேன் என்கிறது.

படகுத்துறையில் மோட்டார் படகு, துடுப்புப் படகு இரண்டும் இருக்கின்றன. யோசிக்கவே வேண்டாம், துடுப்புப் படகுதான். மோட்டார் படகு அகலமான வாய்க்காலிலேயே சுற்றிவிட்டு வந்துவிடும், அது போடும் சத்தத்தில் ஒரு கொக்கைக்கூடப் பக்கத்தில் பார்க்க முடியாது. துடுப்புப் படகு ஒடுக்கமான ஓடைக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் மேலே கைகோத்துக்கொள்ள, வெயில் சட்டென்று காணாமல் போகிறது. கிளைக்குக் குனிந்து குனிந்துதான் போக வேண்டும். வேர்கள் மரத்தின் இடுப்பிலிருந்து வளைந்து வந்து சேற்றில் ஊன்றி நிற்கின்றன, பந்தலுக்கு முட்டுக்கொடுத்த மாதிரி. அந்த வேர்களில் நண்டுகள் ஏறி இறங்குவதைப் பையன் எண்ண ஆரம்பித்து, பாதியில் மீன்கொத்தி ஒன்று பாய்ந்ததும் எண்ணிக்கையை விட்டுவிட்டான்.

எங்கள் படகோட்டி நடு வயதுக்காரர். கேட்டால் மட்டும் பேசுவார், ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார். வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்து, "நாக்குல வெச்சுப் பாரு தம்பி" என்று கொடுத்தார். உப்புக் கரித்தது. வேர் வழியாக ஏறும் உப்பை அந்த மரம் இலை வழியாகவே வெளியே தள்ளிவிடுமாம். கீழே சேற்றில் பென்சில் நட்டது போல் குத்திட்டு நிற்பவை அதன் மூச்சு வேர்கள், சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் அவை மேல் நோக்கி வளர்கின்றன. சுரபுன்னையில் முருங்கைக்காய் போலத் தொங்கியதைக் காய் என்று நினைத்தோம். விதை மரத்திலேயே முளைத்து, நாற்றாகித்தான் சேற்றில் விழுகிறது.

கொஞ்சம் தள்ளி இன்னொரு மரம். அம்மா கிளையைப் பிடிக்கப் போனார். "அம்மா, தொடாதீங்க, தில்லை மரம். பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து" என்றார் படகோட்டி. அம்மா கையை இழுத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நடராஜர் கோயில் தலமரம் தில்லை என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எத்தனையோ முறை சிதம்பரம் வந்து போயிருக்கிறார், தில்லையைக் காட்டில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. படகுக்குக் கொடுத்த காசு அந்த இடத்திலேயே ஈடாகிவிட்டது எனக்கு.

இந்தக் காடு சும்மா நின்றுவிடவில்லை. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே மொத்தம் மொத்தமாக வெட்டியதில் நிலம் தாழ்ந்து, ஓதத் தண்ணீர், அதாவது கடல் ஏறும்போது உள்ளே வரும் தண்ணீர், தேங்கி, வெயிலில் உப்பு ஏறி, பல இடங்கள் பொட்டலாகிக் கிடந்தன. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் வந்து போக வழி செய்து, கன்று நட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வந்த படகில் பாதி நேரம் செல்ஃபி எடுத்து, சிப்ஸ் பாக்கெட்டைத் தண்ணீரில் விடுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. எங்களுக்கு முன்னால் போன படகிலிருந்து விழுந்த பாக்கெட்டைப் படகோட்டிதான் துடுப்பால் இழுத்து எடுத்தார்.

திரும்பும்போது இருளர் பெண்கள் சிலர் இடுப்பளவு தண்ணீரில் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை. கையால் சேற்றைத் தடவி, அகப்பட்டதைப் பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் (கூடைக்குள்) போடுகிறார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் வேலை. நாம் சாப்பாட்டுக் கடையில் இறாலுக்கு விலை பேசும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு! கிள்ளையில் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்ன மெஸ். மடவை மீன் வறுவல், இறால் தொக்கு, நண்டுக் குழம்பு. மடவையை அப்போதுதான் தோசைக்கல்லில் போட்டுத் தந்தார் அந்த அக்கா, ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே வெண்ணெய் மாதிரி. நண்டுக் குழம்பில் மிளகும் சோம்பும் தூக்கலாக இருந்தது, அம்மா மூன்றாம் முறை சோறு கேட்டார். மூன்று பேருக்கும் சேர்த்து 540 ரூபாய். அந்த ஆட்டோக்காரர் முதலில் கேட்ட 800 ரூபாய்க்கு இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டு மிச்சமும் பிடித்திருக்கிறோம்.

சரி, மிச்ச விவரம். படகுக் கட்டணம் ஆள் எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் தக்கபடி மாறும், கவுண்டரில் கேட்டுவிட்டு ஏறுங்கள். குறைந்த நேரத்துக்கு எடுத்தால் ஒடுக்கமான ஓடைக்குள் போய்த் திரும்பவே நேரம் போதாது, காசு கொஞ்சம் கூடினாலும் நீண்ட சுற்றையே எடுங்கள். காலையில் சீக்கிரம் போங்கள், பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் ஒன்றாக வருகின்றன. தொப்பி, தண்ணீர் அவசியம். படகோட்டியிடம் மரங்களைப் பற்றிக் கேளுங்கள், இறங்கும்போது கையில் நூறு ரூபாயாவது வையுங்கள்.