அத்தானின் போட்டுக்குப் புதுப் புரொப்பெல்லர்: 10½ போய் 9 வந்த கதை

அக்காவின் கணவருக்குக் கடல்தொழில். எனக்கு இஞ்சின் கழற்றிப் பூட்டுவதில் ஆசை. லீவு நாள் வந்தால் முல்லைத்தீவு நாயாற்றில் இருக்கும் அவருடைய வாடிக்கு (கடற்கரைக் கொட்டிலுக்கு) போய்விடுவேன். போட் 18½ அடி பைபர். இஞ்சின் 15 குதிரைவலு யமஹா, டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுவது.

போன மாதம் முகத்துவாரத்து மணல்திட்டில் இரண்டு தடவை தட்டியதில் புரொப்பெல்லரின் ஓர் இலை நுனி மடிந்துவிட்டது. மற்ற இரண்டும் ஏற்கெனவே மணலில் தேய்ந்தவை. இஞ்சின் கைபிடி நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கத்தோடு ஓடினால் பேரிங்கும் ஒயில் சீலும் போய்விடும் என்பதால் மாற்றியே ஆகவேண்டும்.

கழற்றியபோது பின்னால் தண்டைச் சுற்றித் தங்கூசி நூல் இறுகிக் கிடந்தது. இதைக் கட்டாயம் பாருங்கள். நூல் சீலை அறுத்தால் கியர் பெட்டிக்குள் கடல்நீர் இறங்கி ஒயில் பால்போல வெளுத்துவிடும். நல்ல காலம், எங்கள் ஒயில் வெளுக்கவில்லை.

பழையதில் இருந்த எண்கள் அழிந்துபோயிருந்தன. தண்டில் 8 பல் என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போனோம். “பிட்ச் கூடினால் வேகம் கூடும்” என்று சொல்லி 9¼ × 10½ தந்தார்கள். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். மரைக்குள் ஆணி ஏறுவதுபோல் வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும் என்பதுதான் பிட்ச்.

வெறும் போட்டில் ஓடிப் பார்த்தோம். போனில் ஜிபிஎஸ் மணிக்கு 28 கிலோமீற்றர் காட்டியது. அத்தானுக்குச் சந்தோஷம். அடுத்த நாள் வலை, ஐஸ் பெட்டி, மூன்று பேர் என்று முழுப் பாரத்தோடு இறங்கினோம். அணியம் (போட்டின் முன்பக்கம்) தூக்கியது தூக்கியபடியே நிற்கிறது, போட் தண்ணீரை உழுதுகொண்டு போகிறது. முழு அக்ஸிலேட்டரிலும் வேகம் 20தான்.

“இஞ்சின் இளைக்குது தம்பி” என்றார் அத்தான். அவர் காது சரியாகத்தான் பிடித்தது. பிளக் வயரில் சுற்றி வைக்கும் சின்ன சுற்றுமானி ஒன்று என்னிடம் இருக்கிறது. அது நிமிடத்துக்கு 4250 சுற்று காட்டியது. இஞ்சின் கையேட்டில் இருப்பதோ 4500 முதல் 5500 வரை.

இரவு இருந்து கணக்குப் போட்டேன். கியர் விகிதம் 2.08, ஆகவே புரொப்பெல்லர் சுற்றுவது சுமார் 2040. அதை 10½ அங்குலத்தால் பெருக்கினால் மணிக்குக் கிட்டத்தட்ட 33 கிலோமீற்றர் வரவேண்டும். வந்ததோ 20. மிச்சமெல்லாம் வழுக்கல். ஓரளவு வழுக்கல் எந்தப் புரொப்பெல்லருக்கும் உண்டு, ஆனால் இது அதிகம். சுற்று ஏறாமல் திணறும் இஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக எரியாது, பிளக்கிலும் ரிங்கிலும் கரி பிடிக்கும். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறிய நாளிலிருந்து ஒவ்வொரு சொட்டும் கணக்குத்தான்.

பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 சுற்று ஏறும் என்பது பொதுவான கணக்கு. 9¼ × 9 ஒன்றைத் தேடி எடுத்தோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் பார்த்தோம். எனக்கு அது பிடிக்கவில்லை. திட்டில் தட்டினால் அலுமினிய இலை மடிந்து அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். ஸ்டீல் மடியாது, அந்த அடி கியருக்குப் போகும். நாயாறு போன்ற இடத்துக்கு அலுமினியம்தான் நல்லது.

தண்டின் பற்களுக்குக் கிரீஸ் பூசி, வொஷர்களை முந்திய ஒழுங்கிலேயே போட்டு, புதுக் கொட்டர் பின் குத்தி, அதே பாரத்தோடு ஓடினோம். 4600 சுற்று, வேகம் 22. அணியம் சீக்கிரம் இறங்கியது. வெறும் போட்டில் 27, அதாவது 10½ தந்ததைவிட ஒன்று குறைவு. அத்தானுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. மீனோடு திரும்பி வந்து அலைக்குள்ளால் கரையேறும்போதுதான் இழுவை வேண்டும், வெறும் போட்டின் வேகத்தை வைத்து என்ன செய்வது என்றேன். “சரி, அது உண்மைதான்” என்றார்.

ஒரு வேலை மட்டும் மிச்சம். புரொப்பெல்லரின் நடுவில், தண்டில் பூட்டும் உள்வளையத்தையும் இலைகள் உள்ள வெளிவளையத்தையும் பிடித்துவைத்திருக்கும் றப்பர் புஷ் வழுக்குகிறதா என்று பார்க்க, உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை வெள்ளைப் பெயின்றால் நேர்கோடு ஒன்று இழுத்து வைத்தேன். புஷ் வழுக்கினால் கோடு இரண்டாக விலகும். ஒரு வாரத் தொழில் முடிந்து இன்று காலை பார்த்தேன், கோடு நேராகவே இருக்கிறது.