அம்மப்பாவின் ஐந்து செக்கன்

அம்மப்பா எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து வடமோடிக் கூத்து உடுப்போடு நிற்கும் ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம்தான் எங்களிடம் மிச்சம். அதை அசைய வைத்துப் பார்க்க ஆசை. முதலில் படத்தை வீடியோவாக்கும், காசு கட்டும் ஏஐ சேவை ஒன்றில் போட்டேன். வீடியோ கெதியாக வந்தது, துப்புரவாகவும் இருந்தது. ஆனால் முகம் அம்மப்பாவுடையது இல்லை, ஆட்டமும் கூத்து இல்லை. திரும்பத் திரும்பச் செய்ததில் மாதத்துக்கான கிரெடிட் ஒரே இரவில் முடிந்தது.

அப்புறம் வீட்டுக் கொம்பியூட்டரிலேயே தொடங்கினேன். 12 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், ஏஐ மொடல்களை வீட்டிலேயே ஓட்ட உதவும் கொம்ஃபியுஐ மென்பொருள், 2025 ஜூலையில் வெளியான வான் 2.2 என்ற வீடியோ ஏஐயின் சிறிய 5பி மொடல். செக்கனுக்கு 24 பிரேம் என்றால் ஐந்து செக்கனுக்கு, தொடக்கப் படத்தோடு சேர்த்து 121 படம். இரவில் ஓடவிட்டுப் படுத்துவிடுவேன். எத்தனை தடவை பிழைபோனாலும் கரண்ட் செலவு மட்டும்தான், படமும் வீட்டை விட்டு வெளியே போகாது. ஆடச் சொல்வதை விட்டுவிட்டு, மெல்லத் தலை திருப்பச் சொன்னேன்.

நேற்று விடியற்காலை ஒன்று சரியாக வந்தது. கல்லடிக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். நாலு தடவை பார்த்தார். "அப்பா இப்பிடித்தான் திரும்பிப் பாப்பார்" என்றார்.

வடமோடி ஆட்டத்தைக் கிட்ட நின்று எடுத்த வீடியோ யாரிடமாவது இருந்தால் தாருங்கள். ஆடுகிறவர்களிடம் கேட்டுவிட்டு, அதை வைத்து ஒரு லோரா, அதாவது மொடலுக்கு அந்த ஆட்டத்தைப் பழக்கும் சிறு இணைப்பு, பயிற்ற வேண்டும்.